நகமில்லாத கட்டைவிரல்

அத்தியாயம் 7

எழுத்துப் பொறித்துத் தரும் கத்திக் கடையின் வாசலில் தொங்கிய அட்டையைப் படித்ததும் மார்த்தா கிஸ்லருக்கு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை உணவு இடைவேளை. அவள் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு மூன்று.

"மூணே நிமிஷம், பாஸ்," என்றான் அவள் உதவியாளன் ரேட்டோ. "நம்ம நாட்டுல ரயில் மூணு நிமிஷம் லேட்டானா மைக்குல மன்னிப்புக் கேப்பாங்க. நாம லேட்டானா சூப் குடிக்கப் போயிடறாங்க."

"கதவத் தட்டு."

"தட்டினேன். ஜன்னல்ல ஒரு ஸ்பூன் மட்டும் தெரிஞ்சுது. வேண்டாம்னு ஆட்டிச்சு."

ஏரிக்கரை பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். புரூனன் ஊரே சாப்பிட உட்கார்ந்துவிட்ட நேரம் அது. மார்த்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, துப்பறியும் தொழிலில் இருபத்தாறு வருஷம், வலது முழங்காலில் ஓயாத வலி. இந்த வழக்கு முடிந்தால் போதும், போர்டைக் கழற்றிவிடலாம் என்று போன வழக்கிலும் நினைத்திருந்தாள், அதற்கு முந்தைய வழக்கிலும் நினைத்திருந்தாள்.

இந்த வழக்கு அவளிடம் வந்தது ஆன்செல்ம் ஃபுரரின் தங்கை ரோஸ்மரி மூலம். ஆன்செல்ம் காவலில் வைக்கப்பட்டுப் பதினோரு நாள் ஆகிறது. மலை விளிம்புகளில் முளைக்கிற காட்டுப்புல்லை அறுத்து, கட்டுக்கட்டாகக் கம்பியில் மாட்டி, சறுக்கிக் கீழே அனுப்புகிறவன் அவன். அதே தொழிலும் அதே அறுபது வயதும் உள்ள பக்கத்து வீட்டுக்காரன் காண்டிட் ஆர்னோல்ட். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு காலையில் அவன் கம்பியடியில் இருந்தபோது ஆன்செல்மின் புல்கட்டு ஒன்று அவன்மேல் விழுந்து, அவனையும் இழுத்துக்கொண்டு சரிவில் உருண்டிருக்கிறது. இடுப்பு முறிந்து, தலையில் அடிபட்டு, மருத்துவமனையில் மருந்தால் தூங்க வைக்கப்பட்டிருக்கிறான். புல்கட்டின் கயிறு கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது. கம்பிக் கம்பத்தடியில் திறந்தபடி கிடந்த புத்தம்புது மடக்குக் கத்தியில் 'A.F.' என்று பொறித்திருந்தது.

ஒன்பது வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காண்டிட் ஒருநாள் குரல் கொடுக்காமல் கட்டை அவிழ்த்துவிட, கொக்கி வந்து ஆன்செல்மின் வலது கட்டைவிரல் நகத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனது. நகம் மறுபடி முளைக்கவேயில்லை. காண்டிட் மன்னிப்புக் கேட்கவில்லை, கையை அங்கே எவன் வைக்கச் சொன்னான் என்று கேட்டான். அதற்குப் பிறகு மாதாகோயிலில்கூட ஆளுக்கொரு பக்கம்தான்.

போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு நாள் மழையில் கைரேகை எல்லாம் போய்விட்டதால் எழுத்தையே பிடித்துக்கொண்டார்கள். ஆன்செல்ம் அந்தக் கத்தியைப் பார்த்ததே இல்லை என்கிறான். முந்தின நாள் சாயங்காலம் கடைசிக் கட்டு கம்பத்தில் சிக்கிக்கொண்டது, இருட்டிவிட்டதால் விட்டுவிட்டு இறங்கிவிட்டேன், அவ்வளவுதான் என்கிறான்.

"மணி நாலுக்கு ஆன்செல்ம் கையெழுத்துப் போடப் போறாரு," என்றான் ரேட்டோ, சாண்ட்விச்சை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவளிடம் நீட்டியபடி. "வக்கீல் சொல்லிட்டாராம். ஒத்துக்கிட்டா ஜெயில் இல்லாம தப்பிச்சிடலாம், மிச்சப் புல்லையாவது அறுக்கலாம்னு."

"அதுக்கப்புறம் அந்த ஊர்ல அவர் யார் முகத்தைப் பாப்பாரு?"

"அதத்தான் ரோஸ்மரி கேட்டாங்களாம். அதுக்கு அவர், 'எனக்கு அலுத்துப் போச்சு, என்ன வேணா எழுதிக்கட்டும்'னு சொன்னாராம்."

அந்த அலுப்பு மார்த்தாவுக்குப் புரிந்தது. அதனால்தான் பயமாகவும் இருந்தது. செய்யாததை ஒத்துக்கொள்ள ஒருவனுக்கு அடி உதை எதுவும் வேண்டியதில்லை, பதினோரு நாள் சரியாகத் தூங்காமல் இருந்தாலே போதும்.

பையிலிருந்து வக்கீல் கொடுத்த பட்டியலை எடுத்து ஏழாவது தடவையாகப் படித்தாள். காண்டிட்டின் சட்டைப் பையிலும் கோட்டுப் பையிலும் கிடைத்தவை: கைக்குட்டை ஒன்று. பாதி கடித்த சாசேஜ் ஒன்று. வெற்று அட்டைப்பெட்டி, சிறியது, ஒன்று. வீட்டுச் சாவி.

"அந்தப் பாதி சாசேஜ்தான் எனக்கு உறுத்துது," என்றான் ரேட்டோ. "ஒரு மனுஷன் சாசேஜை பாதில நிறுத்தறான்னா ஏதோ பெரிய விஷயம் நடந்திருக்கணும்."

மார்த்தா சிரிக்கவில்லை. பிறகு யோசித்தபோது, அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது என்று ஒத்துக்கொண்டாள்.

ஒன்றரைக்குக் கதவு திறந்தது. கடைக்காரர் பெட்ஷார்ட்டுக்குக் கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, மீசையில் சூப் வாசனை. ரேட்டோ துப்பறிகிறவன் முகத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் அவர் கையை உயர்த்திவிட்டார்.

"போலீசா, பத்திரிகையா, எதுவா இருந்தாலும் சாயங்காலம் வாங்க. வாங்க வந்தவங்ககிட்ட மட்டும்தான் நான் இப்ப பேசுவேன்."

"வாங்கத்தான் வந்தோம்," என்றாள் மார்த்தா. "ஒரு மடக்குக் கத்தி."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? வெட்டத்தான்."

பெட்ஷார்ட் பெருமூச்சு விட்டார். இந்தப் பதிலை ஆயிரம் தடவை கேட்டவரின் பெருமூச்சு அது. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பச்சைத் துணிமேல் வரிசையாக வைத்தார். இரண்டு கருவி வைத்தது ஒன்று, எட்டு வைத்தது ஒன்று, கடைசியில் பூதக்கண்ணாடி வரை முப்பது சமாச்சாரம் அடுக்கிய ஒரு தடியன்.

"இதைக் குடுங்க," என்று தடியனைக் காட்டினான் ரேட்டோ. "இதுல என்ன இல்ல?"

"உங்க பேன்ட்டுல இடம் இல்ல," என்றார் பெட்ஷார்ட். "எல்லாம் வேணும்னு வாங்கறவங்க ரெண்டே வருஷத்துல டிராயர்ல போட்டுருவாங்க, தம்பி. எது இல்லாம முடியாதுன்னு தெரிஞ்சு வாங்கறவன்தான் சாகற வரைக்கும் வச்சிருப்பான். நீங்க சொல்லுங்கம்மா. ஒயின் குடிப்பீங்களா, பீரா?"

"ஒயின்."

"அப்ப கார்க் திருகி வேணும். மரம் அறுப்பீங்களா?"

"அறுக்கமாட்டேன்."

"ரம்பம் போச்சு. முள் எடுக்க முள்வாங்கி, நூல் வெட்டக் கத்தரி, இது போதும் உங்களுக்கு. இப்ப பிளேடைத் திறங்க."

மார்த்தா பிளேடிலிருந்த பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்தாள். புதுக் கத்தி, இறுக்கம். இன்னொரு தடவை இழுத்தபோது நகம் பட்டென்று ஒடிந்தது. போன வருஷத்திலிருந்தே அவள் நகம் எல்லாம் அப்படித்தான், மாவுப் பண்டம் மாதிரி உதிர்கிறது. வயசாகிவிட்டது என்று ஒரு கத்திகூடச் சொல்லிக் காட்ட வேண்டுமா என்று அலுப்பாக இருந்தது.

"அதனாலதான் திறக்கச் சொன்னேன்," என்றார் பெட்ஷார்ட், குற்றம் சொல்லாத குரலில். வரிசையைத் தள்ளிவிட்டு இன்னொரு கத்தியை எடுத்தார். பிளேடின் மேல்பக்கத்தில் விரல் நுனி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. "இதுக்கு நகமே வேண்டாம். ஓட்டையில விரல வச்சுத் தள்ளினாப் போதும். போன மாசக் கடைசில ஒருத்தர் இதத்தான் எடுத்தாரு. கட்டைவிரல்ல கட்டோட."

ரேட்டோ மார்த்தாவைப் பார்த்தான். கம்பத்தடியில் கிடைத்த கத்தியின் படம் இருவருக்கும் மனப்பாடம். பிளேடில் அதே ஓட்டை.

"யாரு அவரு?" என்று மார்த்தா கேட்டாள், கத்தியைத் திறந்து மூடிக்கொண்டே.

"பேரு கேக்கலை. மலைக்காரர், அறுபது வயசிருக்கும். உள்ள வந்ததும் கடையெல்லாம் காய்ஞ்ச புல்லு வாசனை. அந்த ஸ்டூல்ல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு. என்கிட்ட இருக்கற அத்தனை கத்தியையும் அந்தக் கட்டுப் போட்ட வலது கட்டைவிரலாலேயே திறந்து பாத்தாரு. முடியலைன்னா அடுத்தது. பொறுமையின்னா அப்படிப் பொறுமை. கடைசில இது திறந்ததும் ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க. எழுத்துப் பொறிச்சுக் குடுத்தேன்."

"என்ன எழுத்து?"

"A.F."

மார்த்தா கத்தியை மூடித் துணிமேல் வைத்தாள்.

அறுபது வயது, புல் வாசனை, வலது கட்டைவிரல், A.F. ஆன்செல்ம் பொய் சொல்லியிருக்கிறான். பார்த்ததே இல்லை என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொன்ன கத்தியை, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அவனேதான் எடுத்திருக்கிறான். ரோஸ்மரியிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. கோபம்கூட வரவில்லை, கோபப்படத் தெம்பு வேண்டும்.

"ஒரு காபி குடிச்சிட்டுப் போலாமா, பாஸ்?" என்றான் ரேட்டோ மெதுவாக. "நாலு மணிக்குள்ள போய் என்ன பண்ணப் போறோம்?"

"இதையே குடுங்க," என்றாள் மார்த்தா கடைக்காரரிடம். இவ்வளவு நேரம் கதை கேட்டுவிட்டு வெறுங்கையோடு போவது அவள் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை.

"உங்களுக்கா, யாருக்காவது குடுக்கவா?"

"எனக்குத்தான்."

"அப்ப சரி," என்று பெட்ஷார்ட் கல்லாப்பெட்டி பக்கம் நீட்டிய கையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். அங்கே ஒரு பீங்கான் கிண்ணம் நிறைய, புழக்கத்திலேயே மிகச் சிறிய மதிப்புள்ள மஞ்சள் நிற ஐந்து ராப்பன் காசுகள்.

மார்த்தா அந்தக் கிண்ணத்தையே பார்த்தாள். சின்ன வயசில் மாமா அவளுக்கு முதல் கத்தி கொடுத்தபோது, அம்மா அவள் கையில் திணித்ததும் அதே மாதிரி ஒரு காசுதான். கத்தியைச் சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாது. ஒரு காசாவது திருப்பிக் கொடுத்து, விலைக்கு வாங்கியதாக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் நடுவே இருக்கிற உறவை அந்தக் கத்தியே அறுத்துவிடும். இந்தப் பக்கத்தில் இதை நம்பாதவன்கூடச் செய்யாமல் விடமாட்டான். அதற்காகத்தான் பரிசுக் கத்தியோடு கடைக்காரரே ஒரு காசையும் வைத்து அனுப்புகிறார்.

"அந்த மலைக்காரருக்கும் காசு வச்சுக் குடுத்தீங்களா?"

"வைக்காம? பரிசுன்னு சொன்னாரே. பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிக் குடுத்தேன். வாங்கறவர் பிச்சு இவர் கையில குடுத்துக்கலாம்ல."

"அவரு கத்தியை அவருக்கே பரிசு குடுக்கறாரா?" என்றான் ரேட்டோ. "கல்யாணம் ஆகாதவரா?"

மார்த்தா அவனை அடக்கினாள். "பெட்ஷார்ட், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தக் கட்டு. அழுக்கா இருந்துச்சா? பழைய கட்டா?"

"பழசா? அவர் கட்டுப் போட்டுக்கிட்டு வரலையேம்மா. என்கிட்டதான் பிளாஸ்டர் கேட்டாரு. கை வெட்டிக்கிச்சோன்னு பதறிப்போய் முதலுதவிப் பெட்டியைத் திறந்து குடுத்தேன். பாத்தா, நல்ல விரலு. நகம் குத்துக்கல்லாட்டம் இருந்துச்சு. அது மேல சுத்து சுத்துன்னு சுத்தி அரை ரோல காலி பண்ணிட்டாரு. எதுக்குன்னு கேட்டேன். 'வாங்கிக்கப் போறவனுக்கு இந்த நகம் இல்ல'ன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, 'அது போனது என்னாலதான்'னாரு."

மார்த்தா ஸ்டூலில் உட்கார்ந்தாள். முழங்கால் வலிக்காக அல்ல.

"காண்டிட்," என்றான் ரேட்டோ. அவன் குரலில் கிண்டலே இல்லை.

ஒன்பது வருஷம் வாயால் சொல்ல முடியாத ஒரு மன்னிப்பை அந்த மனுஷன் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கத்தி கத்தியாகத் திறந்து பார்த்துத் தேடியிருக்கிறான். தன் நல்ல நகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, இல்லாதவனுக்கு எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறான். மார்த்தாவுக்குக் கண் கரித்தது. இந்தத் தொழிலில் அவள் தேடிக் கண்டுபிடித்ததெல்லாம் துரோகமும் களவும்தான், இப்படி ஒன்றை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

மணி இரண்டு பத்து. விசாரணை அதிகாரி ஷூலரைப் போனில் பிடித்து, கடைக்காரர் சொன்னதைச் சொன்னாள்.

"அந்தப் பட்டியல்ல வெற்று அட்டைப்பெட்டின்னு ஒண்ணு இருக்கே. அதோட மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்க."

"வெறும் பெட்டி, கிஸ்லர்."

"வெறும் பெட்டியை எந்த மலைக்காரன் பையில போட்டுக்கிட்டு விடியக்காலம் மூணு மணி நேரம் ஏறுவான்? பாருங்க."

போனில் காலடிச் சத்தம், பிளாஸ்டிக் உறை கிழிகிற சத்தம். ஷூலரும் இந்தப் பக்கத்துப் பெண்தான். அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"அஞ்சு ராப்பன் ஒட்டியிருக்கு," என்றாள் கடைசியில். "யாருமே மூடியத் தூக்கிப் பாக்கலை."

"காசு இன்னும் அங்கயே இருக்குன்னா கத்தி கை மாறலை. ஆன்செல்ம் அதைத் தொடவே இல்லை. வாங்கினவர் காண்டிட், கொண்டுபோனவர் காண்டிட்."

"அப்ப கயிறை அறுத்தது யாரு?"

"அவரேதான். ஆன்செல்ம் முதல் நாளே சொன்னாரே, கட்டு கம்பத்துல சிக்கிக்கிச்சு, விட்டுட்டு வந்தேன்னு. காண்டிட் காலையில கத்தியோட ஏறி வர்றாரு. ஆன்செல்ம் இன்னும் வரலை. காத்துக்கிட்டே சாசேஜைக் கடிக்கறாரு. கட்டு தொங்கறதப் பாக்கறாரு. இந்தத் தொழில்ல ஊறின மனுஷன், மழை வேற வரப்போகுது, அத அப்படியே விட்டுட்டு உக்காந்திருக்க முடியுமா? சாசேஜைப் பையில போட்டுட்டு, அவிழ்த்து விடலாம்னு புதுக் கத்தியத் திறந்திருக்காரு. கட்டு அவர் மேலேயே வந்துடுச்சு."

"நம்பறேன்," என்றாள் ஷூலர். "ஆனா இது உங்க கதை. காண்டிட்டை இன்னிக்கு ராத்திரி எழுப்பறாங்க. அவர் வாயால வரணும். அதுவரைக்கும் ஃபுரர் கையெழுத்துப் போட்டுட்டார்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"கார் எடு," என்றாள் மார்த்தா ரேட்டோவிடம்.

"கத்திக்குப் பில்லு, பாஸ்."

"குடுத்துட்டு ஓடி வா."

ஏரிச் சாலையில் ஒரு டிராக்டர் அவர்களுக்கு முன்னால் இருபது நிமிஷம் ஊர்ந்தது. ரேட்டோ அதன் ஓட்டுநரின் பரம்பரையைப் பற்றி நிறையச் சொன்னான். காவல் கட்டடத்தின் நுழைவாயிலில் மார்த்தாவின் புதுக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். அவள் அறைக்குள் போனபோது மணி நாலுக்கு ஐந்து நிமிஷம். மேஜைமேல் தாளும் பேனாவும் இருந்தன. வக்கீல் ஜன்னலோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்செல்ம் பேனாவைக் கையில் எடுத்திருந்தான், நகமில்லாத கட்டைவிரல் அதன்மேல் வழுக்கைத் தலை மாதிரி பளபளத்தது.

"வேண்டாம் கிஸ்லரம்மா," என்றான் நிமிராமல். "உங்களுக்கும் அலைச்சல். நான் அறுக்கலைதான். ஆனா ஒன்பது வருஷமா அவனுக்கு ஏதாவது ஆகணும்னு நெனச்சவன்தானே? அதுக்குன்னு வச்சுக்கங்க."

"அந்தக் கத்தி உங்களுக்கு வாங்கினது."

"யாரு?"

அவள் சொன்னாள். கடையை, ஸ்டூலை, அரை ரோல் பிளாஸ்டரை, ஒரு மணி நேரத்தை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். அது போனது என்னால்தான் என்று காண்டிட் கடைக்காரரிடம் சொன்னதையும் சொன்னாள்.

ஆன்செல்ம் வெகுநேரம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முட்டாப்பய," என்றான் கடைசியில். "என்கிட்ட வந்து சொல்லவேண்டியதை ஒரு கடைக்காரன்கிட்ட போய்ச் சொல்லியிருக்கான்." பேனாவைத் தாள்மேல் வைத்துவிட்டு மேஜையிலிருந்து தள்ளி உட்கார்ந்தான். அழுதான், ஆனால் சத்தமில்லாமல். வக்கீல் தாளை எடுத்து மடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஷூலர் காவல் கட்டடத்தின் வாசலுக்கே வந்தாள். காண்டிட் கண் விழித்துவிட்டான். தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியவில்லை, ஆனால் கயிறை நீதான் அறுத்தாயா என்று கேட்டதற்கு ஆமென்று தலையை அசைத்தான். பிறகு பென்சில் கேட்டு, எழுத முடியாமல் எழுதி, ஒரே ஒரு சொல்லைக் காட்டினான். 'கத்தி?'

ரோஸ்மரி காரை ஓட்டிவந்து எதிரே நிறுத்தியிருந்தாள். உள்ளே, ஆன்செல்மின் உடைமைகளை ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்து நீட்டினார்கள். பெல்ட், கைக்கடிகாரம், நகம் போனதிலிருந்து அவன் பல்லால் கடித்துத் திறக்கும் நாற்பது வருஷப் பழைய ராணுவக் கத்தி, கொஞ்சம் சில்லறை. ஷூலர் அந்த அட்டைப்பெட்டியையும் பக்கத்தில் வைத்தாள். உள்ளே கத்தி துடைத்து மடக்கி வைக்கப்பட்டிருந்தது. மூடியில் மஞ்சள் காசு அப்படியே ஒட்டியிருந்தது.

"இதையும் எடுத்துக்கங்க, ஃபுரர்," என்றாள் அவள். "காசும் இருக்கு. அவர்கிட்ட குடுத்துடலாம்."

ஆன்செல்ம் பெட்டியைத் திறந்து பார்த்தான். கத்தியைத் தொடவில்லை. மூடியை மூடி அவள் பக்கமே தள்ளினான்.

"கத்திய அவன் கையால வாங்கிக்கறேன். நீங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாங்க."

"அப்ப காசு?"

அவன் தட்டிலிருந்த சில்லறையைக் கிளறி, ஒரே ஒரு ஐந்து ராப்பனைப் பொறுக்கினான். நகமில்லாத விரலுக்கு அது எளிதில் அகப்படவில்லை. ரேட்டோ உதவிக்கு நீட்டிய கையை மார்த்தா பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை எடுத்துவிட்டான்.

"மூடில இருக்கறது கடைக்காரர் காசு," என்றான். "நான் என் காசையே குடுத்துக்கறேன்."

பெல்ட்டைக்கூட மாட்டாமல், காசை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி தங்கையின் காரை நோக்கி நடந்தான்.